சர்க்கரைப் புட்டியின் குமிழிகள்

சாவு எடுத்த வீட்டில் தேக்கி வைத்த நீர் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள். குடத்து நீர், அண்டா நீர், ஊறப்போட்ட அரிசி, புளித்த மாவு, மோர் என்று வீட்டில் ஈரமாக இருக்கும் எல்லாமும் சாக்கடைக்குப் போய்ச் சேரும். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பும்போது பாத்திரங்கள் கவிழ்ந்திருக்க வேண்டும்; தரை ஈரமாக இருக்க வேண்டும்; உள்ளே ஒரு விளக்கு எரிய வேண்டும்.

என் மனைவியைக் கொண்டுபோன அன்றும் அப்படித்தான் நடந்தது. கொள்ளி வைத்துத் தலைமுழுகிவிட்டு நெல்லித்தோப்பு வீட்டுக்கு நான் திரும்பியபோது, சாக்கடை ஓரத்தில் குடங்களும் அண்டாவும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. வரிசையின் கடைசியில் குளிர்பானப் புட்டிகள் இரண்டு, மூடி கழன்று, குழாய் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. பெரிய புட்டியின் வாயிலிருந்து வெண்ணிற மண்டி சிமெண்டு விளிம்பில் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. புளிப்பு வாடை வந்தது. அதைப் பார்த்தேன். காலைக் கழுவினேன். உள்ளே போனேன்.

கூடத்தில் என் மைத்துனனின் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் குவளையுடன் கண்ணாடித் தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள். மீன்கள் குறைவாகவும் செடிகள் மிகுதியாகவும் உள்ள தொட்டி அது. என் மகன் வெளிநாடு போவதற்கு முன் தன் கையால் அமைத்தது.

"இவ்ளோ தண்ணிய நான் ஒருத்தியா எப்பிடி மொள்றது? யாருனா ஒரு கை குடுங்கடி" என்று சொல்லிக்கொண்டே அவள் குவளையை நீருக்குள் அமிழ்த்தினாள்.

"அத்த! தொட்டிய தொடாதீங்க!"

குவளை அவள் கையைவிட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். குரல் வந்த இடத்தில் ஆள் இல்லை. தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில், மின்னேற்றியில் செருகிய நிலையில், என் மைத்துனனின் அலைபேசி மல்லாந்து கிடந்தது.

"மீன் இருக்குது அத்த. உசுரு. விட்டுடுங்க" என்றான் என் மகன்.

"நீதானா கண்ணு? பயந்தே பூட்டேன். சாவூட்ல தண்ணி நிக்கக் கூடாதுப்பா."

"அது அம்மா பாத்துக்கினு இருந்துச்சு அத்த."

அவள் கையைத் தொட்டிக்குள் விட்டாள். குவளையை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்து, அடுப்படிக்குப் போய்விட்டாள். தொட்டி தப்பியது. அன்று முழுவதும் என் மகன் வாய்திறந்து பேசியவை அச்சொற்களே.

அவனால் வர இயலவில்லை. பிரான்சில், பாரிசுக்கு வெளியே ஓர் உணவகத்தின் சமையலறையில் அவன் வேலை செய்கிறான். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த காலம் அது. அதை அவன் 'கார்த்' என்பான். கார்த் கைக்கு வராமல் அந்நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எனவே தாயின் முகத்தை அலைபேசியில் பார்த்தான். மைத்துனன் அதைக் கையில் ஏந்தித் தெருமுனை வரை காட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே மின்சக்தி தீரும் தறுவாயில் இருந்ததால், ஓடிவந்து அலமாரியில் செருகிவிட்டு, அழைப்பைத் துண்டிக்க மறந்து, சுடுகாட்டுக்குப் புறப்பட்டுவிட்டான். தாய்க்குத் தீ மூட்டிய நேரமெல்லாம் மகன் கண்டது எங்கள் கூடத்து மின்விசிறியை மட்டுமே.

அத்தொட்டியைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். நீருக்கடியில் வளரும் செடிகளுக்கு ஒளி இருந்தால் மட்டும் போதாது. கரியமில வாயுவும் வேண்டும். அதற்கெனக் கடைகளில் வாயு அடைத்த இரும்புருளைகள் கிடைக்கின்றன. என் மகன் அவற்றை வாங்கவில்லை. பெரிய குளிர்பானப் புட்டியில் சர்க்கரையும் வெதுவெதுப்பான நீரும் சிறிது ஈஸ்ட்டும் இட்டு மூடினான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை வெளியிடும். வாயு மூடியில் துளைத்த குழாய்வழி ஒரு சிறு புட்டிக்குப் போய், அங்கே நுரையைக் கழித்துவிட்டு, தொட்டிக்குள் இறங்கும். நடுவில் அவன் பொருத்தியது மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஏற்றும் டிரிப்ஸ் குழாய். அதில் துளி விழுவதைக் காண ஒரு கண்ணாடிக் கூடு போன்ற பகுதி இருக்கும். ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு சக்கரமும் இருக்கும். கூட்டில் பாதியளவு நீர் விட்டு வாயுவைக் கீழிருந்து செலுத்தினால், அது ஒவ்வொரு குமிழியாக எழும். எவ்வளவு வாயு போகிறது என்பதைக் கண்ணால் அறிந்துகொள்ளலாம்.

வாயு போதுமான அளவில் கிடைத்தால், பிற்பகலில் இலைகளின்மேல் மிகச்சிறிய வெண்குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் மகன் அதை 'முத்து கட்டறது' என்பான். மிகுந்துபோனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். குறைந்தால் செடிகளைப் பாசி மூடிவிடும்.

அவன் போன பிறகு தொட்டியை என் மனைவி எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்று நான் எழுதுவது பொருத்தமே. யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நாளிதழும் நூலுமாகக் கூடத்தின் ஒரு கோடியில் நான் இருப்பேன்; மறுகோடியில் அவள் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருப்பாள்.

"மாவு புளிக்க வெக்கிறவளுக்கு இது ஒரு வித்தையா?" என்பாள்.

அவளுக்கு அது உண்மையில் மாவைப் போலத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் புட்டியைக் கழுவுமுன் அடியில் தங்கிய மண்டியில் ஒரு கரண்டியை எடுத்துக் கிண்ணத்தில் நிறுத்திக்கொள்வாள். புதிய சர்க்கரை நீரில் அதையே சேர்ப்பாள். ஈஸ்ட்டைப் பொட்டலமாக மறுபடி வாங்கியதே இல்லை. ஞாயிறு பிற்பகலில் மகன் அழைப்பான். அங்கே அப்போது காலை. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும்.

"ஈஸ்ட் எவ்ளோம்மா போட்ட?"

"போட்டேன், போட்டேன். கையளவு."

"கையளவுன்னா எவ்ளோ?"

"என் கைய வெட்டி அனுப்பவா, அளந்து பாத்துக்கிறியா?"

"புதுசா ஒரு பாக்கெட் வாங்கேம்மா. பழசையே எத்தினி வாட்டி போடுவ?"

"ஏன், இதுக்கு என்னா கொற? நீ போட்டுட்டுப் போனதுதான்டா இன்னும் ஓடுது."

அவன் சிரிப்பான். பிறகு அலைபேசியைத் தொட்டியின் பக்கம் திருப்பச் சொல்வான். இருவரும் சற்றுநேரம் தொட்டியைப் பார்ப்பார்கள். இறுதியில் அவள், "இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று என்னிடம் நீட்டுவாள். "சாப்பிட்டியா?" என்று நான் கேட்பேன். "சாப்டேம்பா. நீங்க?" என்று அவன் கேட்பான். அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எங்களுக்குள் பகை ஏதும் இருந்ததில்லை. எங்கள் பேச்சு எப்போதும் அவள் வழியாகவே போய்வந்தது; அவ்வளவே.

அவள் இறந்த பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் என்னை அழைத்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவனும் கேட்டான். அவன் பின்னால் ஒரு சுவர் தெரிந்தது. என் பின்னால் அவனுக்கு என்ன தெரிந்ததோ அறியேன்.

"குமிழி வருதாப்பா?" என்று அவன் கேட்டான்.

"இல்ல. எல்லாத்தையும் ஊத்திட்டாங்க."

"மறுபடி போடணும்ப்பா. இல்லன்னா செடி பூடும்."

"கருமாதி முடியட்டும்."

துக்க வீட்டில் கருமாதிவரை தாளிக்க மாட்டார்கள்; எதையும் புளிக்க வைக்கவும் கூடாதென்று மைத்துனனின் மனைவி சொல்லியிருந்தாள். மாவுக்குப் பொருந்துவது புட்டிக்குப் பொருந்தாது என்று நான் வாதிட்டிருக்கலாம். வாதிடத் தோன்றவில்லை. அந்நாட்களில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. உணவு வந்தது, உண்டேன். ஆட்கள் வந்தார்கள், எழுந்து நின்றேன். "ஒரு வாட்டி வாய்விட்டு அழுதுடுங்க மாமா" என்று மைத்துனன் என் முதுகைத் தடவினான். அவன் கையை எடுக்கும்வரை அசையாமல் இருந்தேன்.

ஒன்றை மட்டும் அறிந்திருந்தேன். அச்செடிகள் செத்துப்போனால், என் மகன் ஞாயிறுதோறும் என்னை அழைத்துக் கேட்பதற்கு எங்களிடம் பொருள் ஏதும் எஞ்சாது. சில வாரங்களுக்குக் கடமைக்காக அழைப்பான். பிறகு பண்டிகைக்கு அழைப்பான். இதை நான் வருத்தத்தோடு எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். மழை வரும் என்பதை வானைப் பார்த்து அறிவதுபோல அறிந்தேன்.

கருமாதிக்குள் தொட்டியின் முன்வரிசையில் தரையோடு படர்ந்திருந்த புல்லின்மேல் கரும்பச்சைப் பாசி நூல்நூலாகப் படிந்துவிட்டது. கண்ணாடியின் உட்புறமும் மங்கியது. சடங்கு முடிந்த மறுநாள் கடைக்குப் போய் ஈஸ்ட் கேட்டேன். பொட்டலத்தைக் கொடுத்தவர், "கேக்கு போடப் போறீங்களா சார்?" என்றார். ஆமென்று தலையசைத்தேன்.

நீரைக் கொதிக்கவைத்தேன். தூய்மையாக இருக்க வேண்டுமென்று கருதிக் கொதிநீரிலேயே சர்க்கரையைக் கரைத்தேன். ஈஸ்ட்டையும் அதிலேயே கொட்டினேன். அன்று குமிழி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஞாயிறன்று இதை மகனிடம் சொன்னேன்.

"எவ்ளோ சூட்ல போட்டீங்க?"

"கொதிச்ச தண்ணி."

"அய்யோப்பா. அது உசுருப்பா. வெந்துடும். அம்மா எப்பிடிப் போடும்?"

"விரலை விட்டுப் பார்ப்பா."

"அப்ப நீங்களும் விரல விட்டுப் பாருங்க."

இரண்டாம் முறை விரலை விட்டுப் பார்த்தேன். நீர் ஆறும்வரை அடுப்படியில் நின்றேன். சுடாத பதம் வந்ததும் ஈஸ்ட்டை இட்டேன். சற்றுநேரத்தில் புட்டிக்குள் நுரை கட்டியது. ஆனால் கூட்டில் குமிழி எழவில்லை. பெண்கள் இழுத்த வேகத்தில் பழைய டிரிப்ஸ் குழாய் மூடிக்கருகே பிளந்திருந்தது. அதன்மேல் ஒட்டுநாடா சுற்றினேன். வாயு நாடாவுக்கடியிலும் கசிந்தது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் கசியும் இடங்களெல்லாம் கொப்புளித்தன. குழாய் முழுவதும் பழுத்து மஞ்சளாகி முறுக்கேறியிருந்தது.

வாயு தொட்டிக்குப் போகாமல் வீட்டுக்குள் பரவியதால் புளித்த வாடை கூடம் முழுவதும் நின்றது. அந்நிலையில் ஒருநாள் தவளக்குப்பத்திலிருந்து மைத்துனனும் மனைவியும் வந்தார்கள். அவன் அங்கே தன் நிலத்தைப் பயிரிட்டுக்கொண்டே நகரத்தில் சரக்கு வண்டியும் ஓட்டுகிறான். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்னா மாமா, ஊட்லயே காச்ச ஆரம்பிச்சிட்டீங்களா?"

"தொட்டிக்கு."

"மீனுக்கா ஊத்திக் குடுக்குறீங்க?" என்று சிரித்தான். "தெருவுக்கு ரெண்டு சாராயக் கடை கீற ஊர்ல, ஊட்ல காச்சற மொத ஆளு நீங்கதான் மாமா. வெளிய சொல்லாதீங்க, கவுர்மெண்டுக்கு அசிங்கம்."

"நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்று அவன் மனைவி அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நாந்தாண்ணே அத ஊத்தனேன். கஞ்சி எதுனா எடுத்து வெச்சிருக்காங்க, கெட்டுப் போச்சின்னு நெனச்சேன். அண்ணி எதையும் வீணாக்காதே, அதான் பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கும்னு" என்றாள்.

"பரவாயில்லை."

"பாசி புடிச்சிப் போச்சே இது" என்று தொட்டியைக் குனிந்து பார்த்தான் மைத்துனன். "உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வம்பு? மீன யாருக்குனா குடுத்துட்டு, தொட்டிய எடுத்து ஓரமா வெய்ங்க. எங்ககூட வந்து இருங்க. மாடி ரூம் சும்மாத்தான கீது. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் சொன்னதில் தவறில்லை. தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்றும் தோன்றியது. அவன் கேட்டதற்கு 'ஞாயித்துக்கிழமைக்கு அப்பறம் சொல்றேன்' என்றேன். எதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவன் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு புதுக்குழாய் வாங்க வேண்டுமென்று சட்டையை மாட்டினேன். மாட்டும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய ஒயர் கூடை கையில் பட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த கூடை. வந்த நாளில் யாரோ அங்கே மாட்டினார்கள்; அதன்பின் அதை யாரும் எடுக்கவில்லை. கோரிமேட்டு மருத்துவமனைக்குப் பேருந்தில் போய்வந்த நாட்களில் அக்கூடை என் மடியில் இருக்கும்.

கீழே இறக்கித் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். டம்ளர். வெந்நீர்க் குடுவை. துண்டு. சீப்பு, அதில் முடி இருந்தது. அதை அலமாரியில் வைத்தேன். அடியில், உறை பிரிக்கப்படாமல், ஒரு டிரிப்ஸ் குழாய் இருந்தது. மருந்துக்கடைக்கு ஒருமுறை போனபோது, மறுபடி படியேறி இறங்க வேண்டாமென்று நானே இரண்டாக வாங்கினேன். ஒன்றைச் செவிலியர் எடுத்துக்கொண்டார். மற்றொன்றைக் கூடையில் போட்டு வைத்தேன்.

உறையைப் பல்லால் கிழித்தேன். குழாய் தெளிந்த கண்ணாடிபோல இருந்தது, மருந்துவாடை வீசியது. பழைய குழாயைக் கழற்றிவிட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி, சூடான ஆணியால் மூடியில் துளையைச் சரிசெய்து, பசையிட்டுப் பொருத்தினேன். பசை காயும்வரை அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயின் கூட்டைத் தொட்டிக்குப் பக்கத்துச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். அது தொங்கிய விதத்தை நான் அறிவேன். படுக்கைக்கருகில் ஸ்டூலில் அமர்ந்து நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது இதுபோன்ற கூட்டைத்தான். அங்கே மேலிருந்து துளி விழும். இங்கே கீழிருந்து குமிழி எழ வேண்டும்.

எழுந்தது. முதலில் ஒன்று, நீண்ட இடைவெளிக்குப் பின் மற்றொன்று, பிறகு சீராக எழத் தொடங்கியது. தொட்டிக்குள் குழாய் நுனியில் பொருத்திய நுண்துளைக் கல்லிலிருந்து புகைபோல நுண்குமிழிகள் பரவின. எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. கசியவில்லை என்பதை மட்டும் சோப்பு நுரையைத் தடவி உறுதிசெய்துகொண்டேன். பாசி படிந்த புல்லைக் கத்தரித்து வெளியே எடுத்தேன். அடியில் சில இடங்களில் வேர் இன்னும் அழுகாமல் இருந்தது.

ஞாயிறு பிற்பகல் அவன் அழைத்தான்.

"சாப்பிட்டியா?"

"சாப்டேம்பா. நீங்க?"

"சாப்பிட்டேன்."

"தொட்டிய காட்டுங்கப்பா."

அலைபேசியைத் திருப்பினேன். முதலில் செடிகளைக் காட்டினேன். முன்வரிசை போய்விட்டதை அவன் பார்த்திருப்பான். பின்வரிசையில் உயரமாக வளரும் செடியின் இலைகளில் ஓரிரண்டு முத்துகள் கட்டியிருந்தன. அவன் "ம்" என்றான். பிறகு சன்னலின் பக்கம் காட்டினேன்.

"அது புது செட்டாப்பா?"

"ஆமாம்."

"நல்லா க்ளியரா இருக்குது. எங்க வாங்கினீங்க?"

"கோரிமேட்டுல."

"அவ்ளோ தூரம் எதுக்குப் போனீங்க? பக்கத்துலயே கெடைக்குமே."

"இப்போ போகல. அப்போ வாங்கினது. உங்கம்மாவுக்கு."

குளிர்சாதனப் பெட்டியோ வேறு எதுவோ மறுமுனையில் உறுமிக்கொண்டிருந்தது. அவனைப் பார்க்க அலைபேசியை என் பக்கம் திருப்பப் போனேன்.

"திருப்பாதீங்கப்பா" என்றான். "அப்பிடியே இருக்கட்டும்."

அலமாரியில் இரண்டு நூல்களை அடுக்கி அவற்றின்மேல் அலைபேசியைச் சாய்த்துவைத்தேன். கூடும் தொட்டியின் ஒரு பகுதியும் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. இருவரும் அந்தக் கூட்டையே பார்த்தோம்.

"ஏம்ப்பா இதப் பிரிக்கல?" என்று அவன் கேட்டான்.

இத்தனை வாரங்களில் அவன் அந்நாளைப் பற்றிக் கேட்டது அதுவே முதல்முறை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நடந்ததை முன்னமே அறிந்துகொண்டு வந்தார்கள்.

"மொதல்ல போட்டதே முடியல" என்றேன். "காலைல ஒரு பாட்டில் ஏத்தினாங்க. அது பாதி இருக்கும்போதே..."

"பேசிச்சா?"

"பேசினா. காலைல நல்லாத்தான் பேசினா. இட்லி ரெண்டு சாப்பிட்டா. மாவு புளிக்கவே இல்ல, இத எவ அரைச்சான்னு கேட்டா."

அவன் மூக்கால் சிரித்ததுபோல ஓர் ஒலி கேட்டது.

"அப்பறம்?"

"உன்ன கேட்டா. கார்த் வந்துச்சான்னு கேட்டா. இன்னும் இல்லன்னேன். அப்பறம் தொட்டிக்குச் சக்கரை மாத்தணும், நாளாச்சுன்னா. சாயங்காலம் வீட்டுக்குப் போய் நான் மாத்திடறேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்னா சொல்லிச்சு?"

"பழசுல ஒரு கரண்டி நிறுத்திக்கோங்க, மறந்துடாதீங்கன்னா. அவ்ளோதான். கண்ண மூடிக்கிட்டா. தூங்கறான்னு நெனச்சேன். நான் துளி விழறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் பாடம் படிப்பவனைப் போலச் சொல்லிக்கொண்டு போனேன். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. துளி விழுந்துகொண்டே இருந்தது என்பதையும், செவிலியர் வந்து சக்கரத்தைத் திருகி அதை நிறுத்திய பிறகே அவள் போய்விட்டது எனக்குத் தெரிந்தது என்பதையும் சொன்னேன். இதுவரை எவரிடமும் சொல்லாதது அது. சொல்லி முடித்தபோது கூட்டில் குமிழிகள் முன்போலவே எழுந்துகொண்டிருந்தன.

அவன், "அந்தப் பழச ஊத்திட்டாங்கல்ல" என்றான்.

"ஊத்திட்டாங்க."

"எனக்குக் கேட்டுச்சுப்பா. ஃபேன் மட்டுந்தான் தெரிஞ்சிது. அங்க ஒவ்வொண்ணா ஊத்தற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. கொடம், கொடம்னு நெனச்சிக்கினு இருந்தேன். தொட்டிகிட்ட வந்தப்பறந்தான்..."

அவன் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதற்குப் பின்னால் அவன் அழுதது எனக்குக் கேட்டது. நான் அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. 'அழாதே' என்று சொல்வது என் வழக்கம். அன்று அதையும் சொல்லவில்லை. முழங்கால்களின்மேல் கைகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

வெளியே காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனார். அது ஓய்ந்தபின் அவன் மூக்கைச் சிந்தும் ஒலி வந்தது.

"மாமா போன் பண்ணாரு" என்றான். "தொட்டிய எடுத்துட்டு அவங்க ஊட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்னாரு."

"சொன்னான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமைக்கு அப்பறம் சொல்றேன்னேன்."

"சரி. ஞாயித்துக்கிழமதான் இன்னிக்கு."

நான் தொட்டியைப் பார்த்தேன். நீரின் மேற்பரப்பில் இரண்டு மீன்கள் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"மீன் மேல வருது" என்றேன்.

"பாத்தேன். வேகமாப் போவுதுப்பா. புது ஈஸ்ட்டு இல்லையா, அப்பிடித்தான் இருக்கும். அந்தச் சக்கரத்த கொஞ்சம் இறுக்குங்க. முழுசா மூடிடாதீங்க, பாட்டில் வெடிச்சிடும்."

எழுந்து சன்னலருகே போனேன். கட்டைவிரலைச் சக்கரத்தின்மேல் வைத்தேன். அதைத் திருகும் விதம் எனக்குத் தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகியது. சிறிது நகர்த்தினேன்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

மேலும் சிறிது நகர்த்தினேன். குமிழிகளுக்கு இடையே இடைவெளி நீண்டது. ஒன்று எழுந்து உடைந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தோம். அது எழுந்தது.

"போதும்பா" என்றான். "அடுத்த வாட்டி மாத்தும்போது இதுல ஒரு கரண்டி நிறுத்திக்கோங்க."

"சரி" என்றேன்.

அலைபேசியை அவன் அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அவள் வைக்கும் இடத்திலேயே, புட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்தேன். திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தேன். மறுமுனையில் அவன் பாத்திரம் கழுவும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.